மூன்றாவது எண்ணில் ஒரு 'ஊ'

எர்ஸ்கின் டால்பர்ட் ஓட்டிய பேருந்தைப் பார்த்து வடக்கு பிலடெல்பியாவில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். பதினோரு ஆண்டுகளில் அவன் ஒரு நிறுத்தத்தையும் நேரத்துக்கு முந்திக் கடந்ததில்லை. தாமதமாகப் போயிருக்கிறான். பனி கொட்டினால் யாராக இருந்தாலும் தாமதம்தான். தாமதமாக வரும் வண்டியை ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், திட்டிக்கொண்டே ஏறியும் கொள்வார்கள். முந்திப் போகிற வண்டியோ காலியாகப் போகும். ஒரு கையில் தொப்பியும் இன்னொரு கையில் மதியச் சாப்பாட்டுப் பையுமாக ஓடிவரும் துப்புரவுக்காரப் பெண் தெருமுனையில் நின்று அதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அன்றைக்கு வேலை போனாலும் போகும். ஓட்டுநர் செய்யக்கூடிய முதல் குற்றம் முந்திப்போவதுதான் என்று பணிமனையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள். எர்ஸ்கினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வாழ்க்கையில் அவன் ஒரே ஒரு தடவை முந்தியவன். அப்போது வயது பத்தொன்பது. முந்தியது ஒரே ஒரு எண்ணிக்கை. கையால் ஒரு தட்டுத் தட்டுகிற நேரம். அந்த ஒரு தட்டை ஒலித்தட்டில் பதித்து, நாடு முழுக்க விற்று, வானொலியில் ஒலிபரப்பி, கல்யாணங்களில் அதற்கு ஆடி, பள்ளிக்கூடப் பையன்கள் கழிப்பறைக்குள் நின்று அதைப் பாடிப் பழகி, கடைசியில் அதைக் கடவுள் கொடுத்த வரம் என்றும் சொல்லி முடித்துவிட்டார்கள். தப்பு நடந்துபோனதை அவன் பொறுத்துக்கொண்டான். மனிதன் என்றால் தப்பு செய்வான். அது தப்பு என்று ஒப்புக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்கூட இல்லையே, அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

நடந்தது இதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த நான்கு பையன்கள் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்தார்கள். அப்போது குழு வைக்காத தெருமுனையே கிடையாது. வாத்தியம் வாங்க வக்கில்லாத பிள்ளைகள் தொண்டையையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் விஷயம். குழுக்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது அன்றைய மோஸ்தர். இவர்கள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் நல்ல பறவைகளையெல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நூலகத்துக்குப் போய்ப் பறவைப் புத்தகத்தைப் புரட்டி 'டன்லின்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அது எப்படியிருக்கும், எங்கே பறக்கும் என்று நால்வருக்கும் தெரியாது. டன்லின்ஸ் என்று பெயர் வைத்தாயிற்று.

முன்னால் நின்று பாடுகிறவன் ராய்ஸ் கில்லியம். அழகன், அது அவனுக்கும் தெரியும். மேல்குரலுக்கு கிளைட் என்றொருவன். அவன் பிற்பாடு கலிபோர்னியா போய்ச் சேர்ந்தான். அடிக்குரலுக்கு மோசஸ் க்ரப்ஸ். பேச்சே வராத ஆள், பாடினால் தரை அதிரும். எர்ஸ்கின் நடுக்குரல். நடுக்குரல்காரனின் பிழைப்பு ஒரு மாதிரியானது. அவன் பாடுவது யார் காதிலும் தனியாக விழாது. அவன் பாடாவிட்டால் மட்டும் எல்லோருக்கும் ஏதோ குறைவது தெரியும். சுவரில் பூசியிருக்கும் சுண்ணாம்பு மாதிரி. எர்ஸ்கினின் அம்மாவே பக்கத்து வீட்டுக்காரியிடம், என் பிள்ளையும் அதில் பாடுகிறான், எங்கே என்றுதான் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் பாடிப் பழகியது குடியிருப்பின் மாடிப்படிக் கூண்டில். ஆறு மாடி, சிமெண்டுச் சுவர், இரும்புக் கைப்பிடி. கீழே நின்று நான்கு குரலும் சேர்ந்து ஓர் ஒலியை விட்டால் அது படிப்படியாக மேலே ஏறிப்போய் ஆறாவது மாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். மூன்றாம் மாடியில் குடியிருந்த இரவு வேலைக்காரர் ஒருவர் தினமும் கதவைத் திறந்து, பாடுகிறதென்றால் வேறு மாநிலத்தில் போய்ப் பாடுங்கள் என்று கத்துவார். அவர் கத்தலும் எதிரொலிக்கும்.

'ஆர்லீனா' என்ற பாட்டை அங்கேதான் கட்டினார்கள். அந்தக் காலத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஏதாவதொரு பெண்ணின் பெயர்தான். அதில் இரண்டாவது சரணம் முடிந்ததும் நால்வரும் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு சத்தம் கிடையாது. பிறகு ராய்ஸ் மட்டும் தனியாக 'ஆர்லீனா' என்று கூப்பிடுவான். அதற்குப் பிறகே மற்ற மூவரும் 'ஊ' என்று சேர வேண்டும். காதலி வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று, விளக்கு எரியுமா எரியாதா என்று பார்க்கிற மௌனம் அது. அந்த நான்கு எண்ணிக்கையில்தான் பாட்டின் உயிர் இருந்தது. அதைக் கட்டியவர்கள் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்கள் பல வாரம் நின்று நின்று, விட்டுப் பார்த்து, மாற்றிப் பார்த்து, சண்டை போட்டுக் கண்டுபிடித்த மௌனம்.

ஆனால் ஒரு சங்கதி. படிக்கட்டில் அந்த மௌனம் மௌனமாக இருந்ததே இல்லை. நிறுத்திய ஒலி மூன்று எண்ணிக்கைக்கு மேலே சுற்றிவிட்டு அடங்கும். அது அடங்கியதும் ஒரு மூச்சு, அப்புறம் ராய்ஸ். யாரும் எண்ணவில்லை. எதிரொலி அடங்குவதைக் காதால் கேட்டே நின்றார்கள், காதால் கேட்டே சேர்ந்தார்கள்.

ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்ட இடம் ஒரு இசைத்தட்டுக் கடையின் பின்னறை. தெருச் சத்தம் வரக்கூடாதென்று சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளையும் கம்பளிகளையும் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அறைக்கு ஒரே ஒரு ஒலிவாங்கி. எர்ஸ்கினுக்குப் பெரிய குரல் என்று அவனை ஆறடி தள்ளிக் கதவோரம் நிற்கவைத்தார்கள். முதல் தடவை கடைக்காரருக்கே தும்மல் வந்து கெட்டது. இரண்டாம் தடவை எல்லாம் நன்றாகப் போனது. இரண்டாவது சரணம் முடிந்தது. நிறுத்தினார்கள்.

எதிரொலி வரவில்லை. மெத்தை ஒலியை விழுங்கிவிட்டது. அவனுக்கு ஒரு கணம் காது செத்துப்போனது போலிருந்தது. அப்படியொரு மௌனத்தை அவன் பிறந்தது முதல் கேட்டதில்லை. எட்டுப் பேர் இருந்த இரண்டறை வீட்டில் வளர்ந்தவன் எங்கே கேட்டிருப்பான்? அந்த மௌனம் முடிவில்லாமல் நீண்டது போலவும், தான் எதையோ தவறவிட்டுவிட்டது போலவும், மற்ற மூவரும் தனக்காகக் காத்து நிற்பது போலவும் தோன்றியது. வாயைத் திறந்து 'ஊ' என்று விட்டான். அது மூன்றாவது எண்ணிக்கை. ராய்ஸ் நான்குக்குப் பிறகு சரியாக வந்தான். பாட்டு முடிந்தது.

எர்ஸ்கின் உடனே கையைத் தூக்கினான். நான் தப்பு செய்துவிட்டேன், இன்னொரு தடவை பாடுகிறோம் என்றான். கடைக்காரர் கதவைப் பார்த்தார். வெளியே தேவாலயப் பாட்டுக்குழு ஒன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு தங்கள் முறைக்காக நின்றது. நன்றாகத்தான் இருக்கிறது, போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் அது ஒலித்தட்டில் ஏறியது. வெளியீட்டுக்காரர்கள் உறையில் நால்வரின் படத்தைப் போடவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பையனையும் பெண்ணையும் போட்டார்கள். கறுப்பு முகம் உறையில் இருந்தால் தெற்கே கடைக்காரர்கள் அலமாரியில் வைக்கமாட்டார்களாம். குரல் மட்டும் விற்கும், முகம் விற்காது. இந்த நியாயத்தை அன்றைக்கு யாரும் நியாயமா என்று கேட்கவில்லை. கேட்டவர்கள் ஒலிப்பதிவு செய்யவில்லை.

நான்கு மாதம் கழித்து இன்னொன்று நடந்தது. எங்கோ மேற்கிலிருந்து, நன்றாக முடிவெட்டிய வெள்ளைக்காரப் பையன்கள் நான்கு பேர் அதே பாட்டைப் பாடி வெளியிட்டார்கள். வானொலி நிலையங்கள் டன்லின்ஸை நிறுத்திவிட்டு அவர்களைப் போட்டன. இது அன்றாடம் நடந்த திருட்டு, இதில் புதுமை ஒன்றுமில்லை. எர்ஸ்கினும் முதலில் தோளைக் குலுக்கிவிட்டுத்தான் கேட்டான். இரண்டாவது சரணம் முடிந்தது. மௌனம். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் வானொலிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரத் தொண்டை 'ஊ' என்றது.

அவன் கையிலிருந்த சாப்பாட்டை வைத்துவிட்டான். பாட்டைத் திருடினீர்கள், சரி. தப்பையுமா திருடுவீர்கள்? ஒத்திகை பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு, பத்துத் தடவை பாடிப் பார்த்து, அவன் கால் இடறி விழுந்த இடத்தில் அத்தனை கவனமாக அவர்களும் விழுந்திருக்கிறார்கள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவன் பெயரையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வான் இல்லையா, அப்படி. இங்கே மாட்டிக்கொள்ளத்தான் வாத்தியார் இல்லை.

அதற்குப் பிறகு அது சட்டமாகிவிட்டது. நாடு முழுக்க எந்தத் தெருமுனையில் எந்தக் குழு 'ஆர்லீனா' பாடினாலும் மூன்றாவது எண்ணில் ஒருவன் 'ஊ' என்பான். முடிவெட்டும் கடையில் எர்ஸ்கின் நாற்காலியில் உட்கார்ந்தால் வரிசையில் இருப்பவர்கள் அவனுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு அதைச் செய்து காட்டுவார்கள். அது தப்பு அய்யா, நான் எண்ணத் தவறிவிட்டேன் என்று அவன் சொல்வான். கடைக்காரர் ஹைரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே, அடக்கம் நல்லதுதான், ஆனால் இவ்வளவு ஆகாது என்பார். ஒரு தடவை அவன் வற்புறுத்தியபோது, அதைப் பாடியது நீ என்பதற்கு என்ன சாட்சி, உறையில் வெள்ளைக்காரன் படமல்லவா இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. எர்ஸ்கினும் சிரித்திருக்க வேண்டியதுதான். அவனால் முடியவில்லை.

குழு கலைந்தது. எர்ஸ்கின் ராணுவத்துக்குப் போய்த் திரும்பி, ஒடெஸ்ஸாவைக் கல்யாணம் செய்து, பேருந்து ஓட்ட வந்தான். ராய்ஸ் மட்டும் புதிது புதிதாகப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு டன்லின்ஸ் என்ற பெயரிலேயே ஊர் ஊராகப் பாடினான். ஒருநாள் வானொலியில் அவனிடம், அந்த 'ஊ' உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். ராய்ஸ் ஒரு மூச்சு விட்டுவிட்டு, அது எனக்குக் கனவில் வந்தது என்றான். இறந்துபோன பாட்டனார் கனவில் வந்து, பிள்ளாய், மௌனத்தின் நடுவே ஒரு குரல் கேட்கும், அதை மறுக்காதே என்றாராம். அந்தப் பாட்டனாரை எர்ஸ்கினுக்குத் தெரியும். காது கேட்காத மனிதர்.

இந்தக் கனவைப் பிடித்துக்கொண்டார் போதகர் ஸ்டோக்ஸ். ஒடெஸ்ஸா ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவள். எர்ஸ்கின் ஈஸ்டருக்கு மட்டும் போவான், அதுவும் அவளுடைய புதுத் தொப்பிக்கு மரியாதை செய்ய. அந்த ஈஸ்டரில் போதகர் பிரசங்கத்தின் நடுவே, காலத்துக்கு முன்பே கூப்பிடுகிற குரல் ஒன்று உண்டு என்று ஆரம்பித்தார். வனாந்தரத்தில் கூப்பிட்ட குரலில் தொடங்கி, சுற்றி வளைத்து, ஆர்லீனாவில் வந்து நின்றார். நம் சமூகத்துப் பிள்ளையின் வாயில் தேவன் வைத்த 'ஊ' என்றார்.

எர்ஸ்கின் எழுந்து நின்றுவிட்டான். ஒடெஸ்ஸா கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை.

"போதகரே, அதை யாரும் என் வாயில வைக்கலை. அது என் தப்பு."

"சொல்லு, தம்பி!" என்றார் முன்வரிசைக் கிழவர்.

"நான் எண்ணலை."

"நாம யாரு எண்ணினோம்? யாருமே எண்ணலை!" என்றது இடதுபக்கம்.

"நாலு வரைக்கும் நிக்கணும். நான் மூணுலயே வாயைத் திறந்துட்டேன்."

"திறந்தாரே! ஆமென், வாயைத் திறந்தாரே!"

ஆர்கன் வாசிக்கிறவர் இது சபை முன்னால் எழுந்து தேவனுக்குச் சாட்சி சொல்கிற நேரம் என்று எண்ணி மெல்லப் பின்னால் வாசிக்க ஆரம்பித்தார். எர்ஸ்கின் குரலை உயர்த்தினான். உயர்த்த உயர்த்த ஆர்கனும் உயர்ந்தது. அறையில் மெத்தை மாட்டியிருந்ததையும், எதிரொலி வராததையும், பயந்துபோனதையும் அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் கோவில் ஆமென் போட்டது. வெள்ளைக் கையுறை போட்ட பணிப்பெண் ஒருத்தி அவன் மயங்கி விழுந்துவிடுவான் என்று விசிறியோடு வந்து பக்கத்தில் நின்றாள். கடைசியில் போதகரே மேடையிலிருந்து இறங்கி வந்து, பாவத்தை ஒப்புக்கொண்ட மனிதன் என்று அவனைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பன்றித்தொடையை அறுத்துத் தட்டில் வைக்கும்போது ஒடெஸ்ஸா ஆரம்பித்தாள்.

"நல்ல சாட்சியாம். மூணு பேரு எங்கிட்ட வந்து சொன்னாங்க."

"நான் சாட்சி சொல்லலை. விளக்கம் சொன்னேன்."

"எர்ஸ்கின், ஒரு 'ஊ'வுக்காகப் பதினேழு வருஷம். நான் உன்னைக் கட்டிக்கிட்டதைவிட அது மூத்தது. மத்தவங்க புருஷன் குடிக்கிறான், குதிரைப் பந்தயத்துக்குப் போறான். அதுக்கெல்லாம் ஒரு கூட்டம் இருக்கு, போய் அழலாம். நான் யாருகிட்டப் போய் இதைச் சொல்ல?"

அவள் சொன்னது நியாயம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பறிகொடுத்த ஜனங்கள், தங்களிடம் மிஞ்சியதை வரம் என்று நம்பிக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட முடியாது. ஆனால் பொய் பொய்தான். ஆறுதல் தருகிறது என்பதால் அது உண்மையாகிவிடாது.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் ராய்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். பழைய குழுக்களையெல்லாம் கூட்டி பிராட் தெரு அரங்கம் ஒன்றில் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி. ஒவ்வொரு குழுவிலும் முதலிலிருந்தே இருந்தவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். மோசஸ் நான்கு வருடம் முன்பு இறந்துவிட்டான். கிளைட் கலிபோர்னியாவில் மறுபடி பிறந்த கிறிஸ்தவனாகி, கோவில் பாட்டைத் தவிர வேறு பாட்டு பாடுவதில்லை. மிச்சம் நீதான் என்றான் ராய்ஸ். பிரியம் ஒன்றும் இல்லாத குரலில்தான் சொன்னான்.

எர்ஸ்கின் ஒரே நிபந்தனை போட்டான். ஆயிரத்து நானூறு பேர் முன்னால், ஒரு தடவை, அந்த நான்கு எண்ணிக்கையையும் மௌனமாக விட வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ராய்ஸ் சிரித்துவிட்டு, முதலில் ஒத்திகைக்கு வா என்றான்.

ஒத்திகை ராய்ஸின் மைத்துனர் நடத்திய சவ அடக்க நிலையத்தின் கீழறையில். ராய்ஸ் சேர்த்து வைத்திருந்த மூன்று பையன்களும் அங்கே இருந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயது. நல்ல குரல்கள். முப்பத்தாறு வயது எர்ஸ்கினை 'பெரியவரே' என்று கூப்பிட்டார்கள். அவர்களில் மேல்குரல் பாடிய டெல்மர் கொஞ்சம் வாய்நீளம். முதல் தடவை பாடியபோது இரண்டாவது சரணம் முடிந்து மௌனம் வந்தது. எர்ஸ்கின் வாயை மூடி நின்றான். டெல்மர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினான்.

"பெரியவரே, தூங்கிட்டீங்களா? அங்க ஒரு 'ஊ' வரணும்."

"வராது."

"ரெக்கார்டுல வருது."

"ரெக்கார்டுல வர்றது நான்தான், தம்பி."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

மற்ற இருவரும் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். தன் தப்பைத் தானே சரியாகச் செய்யவில்லை என்று ஒரு மனிதனைத் திருத்துகிறார்கள், அதுவும் அந்தத் தப்பை அவனிடமிருந்தே கற்றுக்கொண்டவர்கள். எர்ஸ்கின் மாடிப்படி, மெத்தை, எதிரொலி என்று ஆரம்பித்தான். பையன்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்துவிட்டு டெல்மர், இருந்தாலும் 'ஊ' இருந்தால்தான் நன்றாக இருக்கிறது என்றான்.

ராய்ஸ் பையன்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க, எர்ஸ். உனக்கு ஏன்டா இது புரிய மாட்டேங்குது? பாட்டே மறந்துபோனவனுக்கும் அது ஞாபகம் இருக்கு."

"அப்ப சரியானது எதுன்னு ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும்."

"கனவுன்னு சொன்னேன். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்கு நஷ்டம். மோசஸுக்கு நஷ்டம். நாலு பேரு அந்தப் படிக்கட்டுல கால் கடுக்க நின்னு செஞ்சோம். நீ தூங்கிக்கிட்டிருந்தப்ப வானத்துலேருந்து விழுந்துச்சுன்னு சொல்ற. அந்த வெள்ளைக்காரப் பசங்ககிட்ட யாராவது கனவைப் பத்திக் கேட்டாங்களா? அவன் பாடினா உழைப்பு, படிப்பு, கலை. நாம பாடினா வரம், ரத்தத்துலயே வர்றது. வரம்னா யாரு வேணாலும் எடுத்துக்கலாம், ராய்ஸ். உழைச்சது நாமன்னாதான் அது திருட்டு."

ராய்ஸ் கண்ணாடியில் தன் தலைமுடியைப் பார்த்துக்கொண்டான். பிறகு, இவ்வளவு நாள் கழித்து முதல்முறையாக, அவன் முகத்திலும் களைப்பு தெரிந்தது.

"சரி. நீ வாயை மூடிக்கிட்டு நில்லு. பசங்ககிட்டயும் சொல்லிடறேன், யாரும் பாட மாட்டாங்க. உன் நாலு எண்ணிக்கை உனக்கு. நான் வருஷத்துல இருநூறு நாள் இந்தப் பாட்டைப் பாடுறவன். மேடைல நின்னு நீயே பாரு."

அவன் சொன்னபடியே பையன்களிடம் சொன்னான். டெல்மர் முகத்தைச் சுளித்தான், ஆனால் கேட்டுக்கொண்டான். அடுத்த இரண்டு ஒத்திகையிலும் அந்த மௌனம் சுத்தமாக நின்றது. எர்ஸ்கின் வீட்டுக்கு வந்து ஒடெஸ்ஸாவிடம் அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது. அவனுடைய கறுப்புக் கோட்டைத் தானே இஸ்திரி போட்டாள்.

அந்த ஞாயிறு அரங்கம் நிரம்பி வழிந்தது. கோவிலிலிருந்து நேராக வந்தவர்கள், தொப்பியும் கையுறையுமாக. மூன்றாவது வரிசையில் போதகர் ஸ்டோக்ஸ். ஹைரம் கடையை வாடிக்கையாகச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில். டன்லின்ஸ் நான்காவதாக வந்தார்கள். ராய்ஸ், எர்ஸ்கினை முதல் நாளிலிருந்து கூட இருக்கிறவர் என்று அறிமுகம் செய்தான். கைதட்டல் தாராளமாகவே விழுந்தது.

'ஆர்லீனா' ஆரம்பித்தது. பதினேழு வருடம் கழித்து எர்ஸ்கினின் குரல் மற்ற குரல்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தது. அதற்கான இடம் அப்படியே இருந்தது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்தில் முன்வரிசையில் ஒரு பருத்த பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். சரணம் முடிந்தது. ஐந்து பேரும் ஒரே வெட்டாக நிறுத்தினார்கள்.

ஒன்று. அரங்கம் பெரிது. கூரை உயரம். விட்ட ஒலி மேலே ஏறிப் போனது.

இரண்டு. அது திரும்பி வந்தது. படிக்கட்டில் வந்த மாதிரியே வந்தது. எர்ஸ்கினுக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான், இப்படித்தான், இதைத்தான்—

மூன்று.

"ஊ" என்றது அரங்கம்.

ஒருவர் இருவர் இல்லை. ஆயிரத்து நானூறு தொண்டை, ஒரே சுருதியில், அவன் குரல் விழுந்த அதே இடத்தில். கண்ணை மூடியிருந்த பெண்மணி சொன்னாள். ஹைரம் சொன்னார். போதகர் கையை மேலே தூக்கிக்கொண்டு சொன்னார். மேடையில் ஐந்து பேரும் வாயை மூடி நிற்க, அந்தத் தப்பு கீழேயிருந்து எழுந்து வந்து அவர்கள்மேல் மோதியது. ராய்ஸ் ஆச்சரியப்படவில்லை. ஊருக்கு ஊர், வருடத்துக்கு இருநூறு நாள் இதைக் கேட்கிறவன். ஒரு விரலை வானத்தை நோக்கிக் காட்டிவிட்டு, நான்கு முடிந்ததும் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எர்ஸ்கின் தனக்குரிய இடத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக ஜனங்கள் முன்னால், மிகச் சரியாகச் சேர்ந்தான். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பின்கட்டு நடையில் ஒடெஸ்ஸா அவன் மேல்கோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் சேர்ந்து 'ஊ' சொன்னாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டாள் என்பதால் கேட்கவில்லை. ராய்ஸைச் சுற்றிக் கையெழுத்துக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஒல்லியான பெண் ஒருத்தி வந்தாள். நாற்பது வயதிருக்கும். ராய்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக எர்ஸ்கினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டால்பர்ட் நீதானே?"

ஆமென்றான்.

"நான் வெர்னெல். மோசஸ் க்ரப்ஸோட சம்சாரம். செஸ்டர்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

மோசஸின் சாவுக்கு வர முடியாமல் கடிதம் மட்டும் அனுப்பியதற்கு எர்ஸ்கின் வருத்தம் சொல்லத் தொடங்கினான். அவள் கையால் அதைத் தள்ளிவிட்டாள்.

"அது கிடக்கட்டும். பத்து வருஷம் அந்த மனுஷனோட குடித்தனம் பண்ணினேன். வாயைத் திறக்காத மனுஷன், உனக்கே தெரியும். வானொலில இந்தப் பாட்டு வந்தா மட்டும் தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் பேச ஆரம்பிச்சுடுவான். மேசைல விரலால தட்டுவான். ஒண்ணு, ரெண்டு, மூணு. 'வந்துட்டான் பாரு, தடியன். நாலு எண்ணத் தெரியாதவனைக் கூட வெச்சுக்கிட்டு நான் பாடினேன் பாரு'ன்னு. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? புள்ளைங்களுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்ததே அதை வெச்சுத்தான். ஆஸ்பத்திரில கடைசி வாரம் பக்கத்துக் கட்டில்காரன் வானொலி வெச்சிருந்தான். மூச்சு விட முடியலை, அப்பவும் மூணுன்னு விரலைக் காட்டுறான்."

எர்ஸ்கின் அவளுக்கு இன்னும் பக்கத்தில் போய் நின்றான்.

"இன்னிக்காவது இந்த ஆளு ஒழுங்கா நிக்கிறானான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றாள் வெர்னெல். "நீ நின்னே. பார்த்தேன். இந்தச் சனங்கதான் கெடுத்துச்சு. என் பக்கத்துல ஒருத்தி 'ஊ'ன்னா, வாயை மூடுடின்னு சொன்னேன். ஆனா நீ பண்ணினது பண்ணினதுதான். நல்லா இருந்த பாட்டு. நாசமாக்கிட்டே."

எர்ஸ்கின் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி ஒடெஸ்ஸாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான்.

"க்ரப்ஸ் அக்கா, இவ என் பொண்டாட்டி. இவகிட்ட இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதைச் சொல்ல?"

"தடியன்னு சொன்னீங்களே. அங்கேருந்து."

வெர்னெல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒடெஸ்ஸா பக்கம் திரும்பி, விரலை மடக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.